கண்ணில் நெல் சுணை பட்டால்... போன் கேமரா என்ன செய்யும்?



போன அறுவடை சமயம். கூட்டமைப்புக் கூட்டம் முடிந்து டீ குடித்துக் கொண்டிருந்தோம். ரமணாசிரமம் பக்கத்துக் குழுவிலிருந்து வந்திருந்த ஒரு அக்கா, போனை எடுத்து எல்லோருக்கும் ஒரு படத்தைக் காட்டினார். அவர் வீட்டுக்காரருடைய கண். நன்றாகச் சிவந்திருந்தது. கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி. "கழனியில நெல்லு அடிக்கும்போது ஏதோ விழுந்துச்சாம். நாலு நாளாச்சு. இது மெட்ராஸ் ஐயா, வேற ஏதாச்சுமா, பாத்து சொல்லுங்கம்மா" என்றார்.

ஆளுக்கு ஒன்று சொன்னோம். ஒருவர் தாய்ப்பால் விடச் சொன்னார். ஒருவர் நந்தியாவட்டைப் பூவை ஊறவைத்த தண்ணீர் என்றார். மெடிக்கல் கடையில் கேட்டாலே சொட்டு மருந்து தருவார்கள், அதை விட்டால் மறுநாளே சிவப்பு போய்விடும் என்றார் இன்னொருவர். நான் போனை வாங்கிப் படத்தைப் பெரிது பண்ணிப் பார்த்தேன். பெரிது பண்ணப் பண்ண கலங்கியதுதான் மிச்சம். அந்த வெள்ளை, புண்ணா அல்லது பிளாஷ் வெளிச்சம் பட்ட பளபளப்பா என்றே தெரியவில்லை. இருந்தாலும் நாலு நாள் என்றதும் மனசு கேட்கவில்லை. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பூஞ்சைக் காளான் தொற்று என்று சொல்லி ஒரு மாதத்துக்கு மேல் மருந்து விட்டார்கள். கண் தப்பியது. ஆனால் தழும்பு நின்றுவிட்டது. அந்தக் கண்ணில் பார்த்தால் இன்றும் பனிக்குள் பார்க்கிற மாதிரிதான் இருக்கிறதாம்.

அன்றிலிருந்து ஒரு கேள்வி எனக்கு. எல்லோர் கையிலும் கேமரா போன் இருக்கிறதே, அதில் எடுக்கும் படத்தை வைத்து ஒரு டாக்டர் கண் காயத்தைக் கண்டுபிடிக்க முடியாதா? விசாரித்ததில் தெரிந்தது, இதற்காகவே உலகத்தில் பல இடங்களில் கருவி செய்கிறார்கள், அதில் மதுரைக்கும் நல்ல பங்கு இருக்கிறது என்று. தெரிந்ததை உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

முதலில் கண்ணைப் பற்றி

நம் கருவிழிக்கு மேல் கண்ணாடி மாதிரி ஒரு மூடி இருக்கிறது. கைக்கடிகாரத்துக்கு மேல் கண்ணாடி இருப்பது போல என்று வைத்துக் கொள்ளுங்கள். அதற்கு கார்னியா என்று பெயர். அகலம் சுமார் 12 மில்லிமீட்டர். நடுவில் கனம் அரை மில்லிமீட்டர்தான். இதில் ரத்தக்குழாயே கிடையாது. ரத்தம் ஓடினால் சிவப்பாகிவிடும், பார்வை மறைந்துவிடும் அல்லவா? அதனால்தான் அப்படி ஒரு அமைப்பு. ஆனால் ரத்தம் இல்லாததால், கிருமி நுழைந்துவிட்டால் எதிர்த்துச் சண்டை போடும் சக்தியும் அங்கே மெதுவாகத்தான் வந்து சேரும்.

கார்னியாவின் மேல்தோல் முழுசாக இருக்கும்வரை பெரும்பாலான கிருமிகளால் உள்ளே போக முடியாது. நெல் சுணை, கரும்புச் சோகை, மல்லாட்டைக் கொடியின் தூசி, மாட்டின் வால், முள், சாயங்காலம் வண்டியில் போகும்போது வந்து மோதும் பூச்சி, இதில் எதுவும் அந்தத் தோலில் ஒரு கீறல் போட்டுவிடும். சுணையிலும் சோகையிலும் பூஞ்சைக் காளான் எப்போதும் ஒட்டிக் கொண்டிருக்கும். கீறல் போட்ட பொருளே கிருமியையும் விதைத்துவிட்டுப் போகிறது. அதுதான் கருவிழிப் புண் ஆகிறது.

இது எங்கோ ஒருவருக்கு வருவதல்ல. 1993-ஆம் ஆண்டுக்கு மதுரை மாவட்டத்தில் கணக்குப் பார்த்தபோது, ஒரு லட்சம் பேரில் 113 பேருக்கு ஒரு வருடத்தில் கருவிழிப் புண் வந்திருந்தது. அமெரிக்காவில் ஒரு ஊரில் எடுத்த கணக்கைப் போல இது 10 மடங்கு. 5,000 பேர் இருக்கும் ஊராட்சி என்றால் வருடத்துக்கு 5, 6 பேர். 1994-இல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு மூன்று மாதத்தில் வந்த 434 நோயாளிகளைப் பரிசோதித்தார்கள். 284 பேர் அதற்கு முன் கண்ணில் அடிபட்டவர்கள். பெரும்பாலும் வயல் வேலையில்தான். கிருமி தெரிந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காரணம் பாக்டீரியா, பாதிப் பேருக்குப் பூஞ்சை.

இந்தப் பாதிக்குப் பாதி என்பதை மறக்காதீர்கள். அடுத்து சொல்லப் போவதற்கெல்லாம் அதுதான் அடிப்படை.

18 மணி நேரக் கணக்கு

நேபாள நாட்டில் பக்தபூர் என்று ஒரு மாவட்டம். அங்கே இரண்டு வருடம் கிராமத்துப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கண்ணில் அடிபட்டு வருகிறவர்களுக்குச் சாயம் போட்டுப் பார்த்து, கீறல் இருந்தால் குளோரம்பெனிகால் களிம்பு போட வைத்தார்கள். அந்த முடிவு 2001-இல் வெளிவந்தது. கீறல் பட்டு வந்தவர்கள் 442 பேர். அடிபட்ட 18 மணி நேரத்துக்குள் வந்தவர்களில் ஒருவருக்குக் கூடப் புண் வரவில்லை. 18-இலிருந்து 24 மணி நேரத்துக்குள் வந்த 109 பேரில் 4 பேருக்கு வந்தது. ஒரு நாள் கழித்து, இரண்டு நாளுக்குள் வந்த சுமார் 50 பேரில் 14 பேருக்கு வந்துவிட்டது.

எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்! மருந்து எல்லோருக்கும் ஒன்றுதான், வந்த நேரம்தான் வேறு. நம்மில் எத்தனை பேர் "காலையில சரியாயிடும்" என்று படுத்துவிடுகிறோம்? பிறகு மதுரை மாவட்டக் கிராமங்களிலும் இதே போலச் செய்து, 2006-இல் வெளியிட்டார்கள். அங்கும் சீக்கிரம் வந்தவர்களுக்குக் கிட்டத்தட்ட எல்லோருக்கும் கீறல் ஆறியது.

ஆனால் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நேபாளத்தில் பின்னாளில் இன்னும் பெரிய அளவில் ஒரு சோதனை நடத்தினார்கள். பணியாளர் இருந்த ஊர்களையும் இல்லாத ஊர்களையும் ஒப்பிட்டார்கள். 2022-இல் முடிவு வந்தபோது, மொத்தத்தில் புண் வந்தவர்கள் எண்ணிக்கையில் வித்தியாசம் தெரியவில்லை. எனக்குத் தோன்றுவது இதுதான்: ஊரில் களிம்பு இருந்தால் மட்டும் போதாது. அடிபட்டவர் அன்றைக்கே வந்து காட்ட வேண்டும், காட்டும்போது அது கீறலா, புண்ணா, வெறும் சிவப்பா என்று சரியாகப் பிரித்துப் பார்க்க ஆள் வேண்டும். இந்தப் "பிரித்துப் பார்ப்பது" தான் கஷ்டம். கருவி செய்கிறவர்கள் மல்லுக்கட்டுவதும் அதோடுதான்.

டாக்டர் மேசையில் இருக்கும் அந்தப் பெரிய மெஷின்

கண் ஆஸ்பத்திரியில் தாடையை ஒரு தாங்கியில் வைத்து, நெற்றியை முட்டக் கொடுத்து உட்காரச் சொல்வார்களே, அது 'ஸ்லிட் லேம்ப்'. சுவீடன் நாட்டு டாக்டர் குல்ஸ்ட்ராண்ட் 1911-இல் உலகுக்குக் காட்டியது. கீற்று மாதிரி மெல்லிசான ஒரு வெளிச்சத்தைக் கண்ணுக்குள் பக்கவாட்டில் விட்டு, பூதக்கண்ணாடி வழியாகப் பார்ப்பார்கள். கத்தியால் கேரட்டை நறுக்கிப் பார்ப்பது போல, வெளிச்சத்தாலேயே கார்னியாவை நறுக்கிப் பார்ப்பது. புண் மேலாக இருக்கிறதா, எவ்வளவு ஆழம் என்று அதில் தெரியும்.

அந்த மெஷினை யாரும் தலையில் தூக்கிக் கொண்டு கழனிக்கு வர முடியாது. ஆக, அதைச் சின்னதாக்க வேண்டும், இல்லையென்றால் போனை அது மாதிரி ஆக்க வேண்டும். போனில் மூன்று சிக்கல். ஒன்று, கண்ணுக்கு மிக அருகில் கொண்டு போனால் படம் கலங்கிவிடும். இரண்டு, கார்னியா கண்ணாடி மாதிரி என்றேன் அல்லவா? பிளாஷ் அடித்தால் அந்த வெளிச்சமே திரும்பி வந்து காயத்தை மறைத்துவிடும். அந்த அக்கா காட்டிய படத்தில் நாங்கள் ஏமாந்தது இதில்தான். மூன்றாவதுதான் பெரியது. புதுக் கீறல் சாதாரண வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. கண்ணாடி டம்ளரில் விழுந்த மெல்லிய கீறலை நேராகப் பார்த்தால் தெரியுமா?

கீறலைத் தெரிய வைக்க 'புளோரசீன்' என்று ஒரு சாயம் இருக்கிறது. ஜெர்மனியில் பேயர் என்ற விஞ்ஞானி 1871-இல் உண்டாக்கியது. ஆரஞ்சு நிறத்தில் சின்னக் காகிதத் துண்டாக வரும். நனைத்துக் கண்ணின் கீழ் இமைக்குள் தொட்டால் கண்ணீரில் கரைந்து பரவும். தோல் முழுசாக இருக்கும் இடத்தில் நிற்காது. தோல் உரிந்த இடத்தில் மட்டும் ஊறி நிற்கும். அதன் மேல் நீல வெளிச்சம் அடித்தால், கீறல் பட்ட இடம் மட்டும் பச்சையாகப் பளிச்சென்று மின்னும். நேபாளத்துக் கிராமப் பணியாளர்கள் கண்டுபிடித்ததும் இந்தச் சாயத்தை வைத்துத்தான்.

போனில் மாட்டும் கருவியின் சூட்சுமமும் இதுவே. கேமரா முன்னால் ஒரு பூதக்கண்ணாடி, பக்கத்தில் நீல விளக்கு, நீலத்தை வடிகட்டிப் பச்சையை மட்டும் விடும் மஞ்சள் கண்ணாடி, இவற்றை ஒரு சின்ன டப்பாவில் பொருத்தி போனில் செருகிவிடுவது. அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தார் கருவிழிக் கீறலுக்கும் புண்ணுக்குமென்றே இப்படி ஒன்றைச் செய்து 2014-இல் வெளியிட்டார்கள். ஜப்பானில் கெய்யோ பல்கலைக்கழகக் கண் டாக்டர்கள், போனில் மாட்டினால் ஸ்லிட் லேம்ப் மாதிரியே கீற்று வெளிச்சம் விடும் 'ஸ்மார்ட் ஐ கேமரா' என்ற கருவியைக் கொண்டு வந்தார்கள். போர்முனையில் கண்ணில் அடிபடும் சிப்பாய்க்கும் பக்கத்தில் கண் டாக்டர் கிடையாது. அதனால் ராணுவங்களும் இது போன்ற கருவிக்கு ஆர்வம் காட்டுகின்றன. அவர்களுக்குக் குண்டுச் சிதறல், நமக்கு நெல் சுணை.

ஓட்டை வழியே வரும் வெயில்

கண் சிவப்பதெல்லாம் வெளியே பட்ட காயத்தால் மட்டும் இல்லை. கண்ணுக்கு உள்ளேயே அழற்சி வரும். டாக்டர்கள் 'யூவியைட்டிஸ்' என்பார்கள். வலி, வெளிச்சத்தைப் பார்த்தால் கூச்சம், மங்கல். பீளை அவ்வளவாக இருக்காது.

இதைக் கண்டுபிடிப்பது எப்படி என்று கேட்டபோது ஒரு கண் மருத்துவ உதவியாளர் அழகாகச் சொன்னார். "உங்க வீட்டு ஓட்டுல ஓட்டை இருந்தா, வெயில் ஒரு கம்பி மாதிரி உள்ள இறங்கும் இல்ல? அதுல தூசி ஆடறது தெரியும். ஓட்டைக்கு வெளிய அதே தூசி இருக்கும், ஆனா கண்ணுக்குத் தெரியாது." கார்னியாவுக்குப் பின்னால் தெளிந்த நீர் இருக்கிறது. அழற்சி வந்தால் அந்த நீரில் வெள்ளை அணுக்கள் மிதக்கும். ஸ்லிட் லேம்பின் கீற்று வெளிச்சத்தில் அவை தூசி போல ஆடுவதை டாக்டர் எண்ணிப் பார்க்கிறார். சாதாரண டார்ச் அடித்தால் ஒன்றும் தெரியாது. போன் கருவிகளுக்கு இன்னும் சவாலாக இருப்பது இந்தத் தூசியாட்டத்தைப் படம் பிடிப்பது. கீறலைப் பிடிப்பது போல அவ்வளவு சுலபமில்லை.

1993 கடைசியில் மதுரைப் பக்கம் வெள்ளம் வந்தது. அதற்குப் பிறகு 1994-இல் அங்கே பலருக்கு ஒரே மாதிரி கண்ணுக்குள் அழற்சி. அரவிந்த் டாக்டர்கள் தேடிப் பார்த்தபோது 'லெப்டோஸ்பைரா' என்ற எலிக் காய்ச்சல் கிருமி என்று தெரிந்தது. எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் இறங்கி வேலை பார்த்தவர்களுக்குக் காய்ச்சல் வந்து போய், பிறகு கண்ணில் வந்து உட்கார்ந்தது. சேற்றில் நாற்று நடும் நமக்கு இதைச் சொல்லாமல் விட முடியுமா? காய்ச்சல் வந்து தேறிய பிறகு கண் சிவந்து மங்கினால், காய்ச்சல் வந்த கதையையும் சேர்த்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

கம்ப்யூட்டர் சொல்லும் பதில்

பாதி பாக்டீரியா, பாதி பூஞ்சை என்றேன். இரண்டுக்கும் மருந்து வேறு. பூஞ்சைக்கு 'நேட்டமைசின்' சொட்டு மருந்துதான் நல்லது என்று நம் அரவிந்தில் 323 பேரை வைத்து நடத்திய ஆய்வில் 2013-இல் உறுதியானது. பாக்டீரியாவுக்கான மருந்தை விட்டுக் கொண்டிருந்தால் பூஞ்சை பாட்டுக்கு வளரும். எது என்று தெரிய, புண்ணிலிருந்து லேசாகச் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். அந்த வசதி எல்லா ஊரிலும் கிடையாது.

மதுரையில் கையடக்கக் கேமராவால் எடுத்த கருவிழிப் புண் படங்களை, எது பூஞ்சை எது பாக்டீரியா என்ற பதிலோடு கம்ப்யூட்டருக்குக் கொடுத்துப் பழக்கினார்கள். குழந்தைக்குப் படம் காட்டி ஆடு, மாடு சொல்லிக் கொடுப்போமே, அது மாதிரி. பிறகு புதுப் படங்களைக் காட்டிக் கேட்டார்கள். 2022-இல் வந்த அந்த ஆய்வில், படத்தை மட்டும் பார்த்துச் சொல்வதில் கம்ப்யூட்டர் அனுபவப்பட்ட டாக்டர்களுக்குக் குறையாமல், சற்று மேலாகவே சொன்னது. ஆனாலும் தப்பும் செய்தது. அதனால் சுரண்டிப் பார்க்கும் பரிசோதனைக்கு இது மாற்று ஆகிவிடவில்லை. டாக்டர் இல்லாத இடத்தில் "இவரை இன்றைக்கே அனுப்பு" என்று சொல்ல ஒரு துணை, அவ்வளவுதான். சர்க்கரை நோயால் கண்ணின் பின்பக்கம் கெடுவதைப் போன் கேமராவும் கம்ப்யூட்டரும் கண்டுபிடிப்பது இதைவிட நன்றாக முன்னேறிவிட்டது. பெங்களூர் ரெமிடியோ கம்பெனியின் போன் கருவியை வைத்து சென்னையில் நடந்த ஆய்வு 2018-இலேயே வெளிவந்துவிட்டது. அது தனிக் கதை, இன்னொரு இதழில் பார்க்கலாம்.

டாக்டர் ஒரு இடத்தில், நோயாளி ஒரு இடத்தில் என்பது நமக்குப் புதுசு இல்லை. சென்னை சங்கர நேத்ராலயா 2003-லேயே பஸ்ஸில் கருவிகளை வைத்து சாட்டிலைட் வழியாகப் படம் அனுப்பியது. அரவிந்த் 2004 முதல் சின்னச் சின்ன ஊர்களில் கண் பரிசோதனை மையங்கள் திறந்து, இன்று 100-க்கு மேல் நடத்துகிறது. அங்கே ஸ்லிட் லேம்பில் பார்ப்பது பயிற்சி பெற்ற பெண்கள். எல்லாம் நம் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி கிராமத்திலிருந்து போனவர்கள். அவர்கள் பார்த்து எழுதியதை, எடுத்த படத்தை, தூரத்து ஆஸ்பத்திரியில் உள்ள டாக்டர் கம்ப்யூட்டரில் பார்த்துப் பேசுகிறார்.

அதுவரைக்கும்

போனில் மாட்டும் கருவி இன்னும் நம் ஊர்க் கடையில் வாங்கும் பொருள் ஆகவில்லை. வந்தாலும் கண்ணில் சாயம் போட, படம் படிக்கப் பயிற்சி வேண்டும். நாமே செய்கிற வேலை இல்லை அது. ஆனால் வெறும் போன் படத்துக்கும் ஒரு உபயோகம் உண்டு. அடிபட்ட அன்றே, பிளாஷ் போடாமல், ஜன்னல் பக்கமாக நிற்க வைத்து, போனை ஒரு சாண் தள்ளிப் பிடித்து ஒரு படம் எடுத்து வையுங்கள். மறுநாள் டாக்டர் பார்க்கும்போது நேற்று எப்படி இருந்தது என்று காட்டலாம். படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் காயம் இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். எங்கள் படத்திலும் ஒன்றும் தெரியவில்லைதான்.

சுண்ணாம்பு, பூச்சி மருந்து, ஆசிட் கண்ணில் பட்டால் போட்டோவும் வேண்டாம், பேச்சும் வேண்டாம். அந்த நிமிஷமே சுத்தமான தண்ணீரை ஊற்றி அரை மணி நேரமாவது கழுவிக் கொண்டே இருக்க வேண்டும், பிறகுதான் வண்டி தேட வேண்டும். வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவைக் குழந்தைகள் அமுக்கி விளையாடுவது எவ்வளவு ஆபத்து என்று கண் டாக்டரைக் கேட்டுப் பாருங்கள். கம்பியோ முள்ளோ குத்தி நின்றால் பிடுங்கக் கூடாது, கழுவக் கூடாது, அழுத்திக் கட்டவும் கூடாது. மேலே படாமல் ஒரு காகிதக் கப்பைக் கவிழ்த்து, 108-க்குச் சொல்லுங்கள்.

தூசியை நாக்கால் எடுப்பது, இலைச் சாறு விடுவது, தாய்ப்பால் பீய்ச்சுவது எல்லாம் நம் அம்மாக்கள் அன்பால் செய்தது. அன்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் உரிந்த தோலில் அதெல்லாம் கிருமிக்குச் சாப்பாடு. இதைவிட மோசம், சிவப்பைப் போக்கும் 'ஸ்டீராய்டு' சொட்டு மருந்தை டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கி விடுவது. சிவப்பு குறையும், வலி குறையும், உள்ளே பூஞ்சை செழிக்கும். மெட்ராஸ் ஐ என்றால் பெரும்பாலும் பீளை கட்டும், மற்றக் கண்ணுக்கும் தாவும், வீட்டில் நாலு பேருக்கு வரும், பார்வை அவ்வளவாகக் கெடாது. ஒரே கண், அடிபட்ட கண், வலி, கூச்சம், மங்கல், வெள்ளைப் புள்ளி, இதில் எது இருந்தாலும் அது வேறு விஷயம். அன்றைக்கே திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தில் உள்ள கண் மருத்துவ உதவியாளரிடமோ காட்டுங்கள். பஸ் காசு இல்லையென்றால் குழுவில் உள்கடன் எடுங்கள். அந்த அக்கா மெடிக்கல் கடையிலும் மற்றதிலும் நாலு நாளில் செலவழித்ததை எங்களிடம் கணக்குப் போட்டுக் காட்டினார். ஆஸ்பத்திரிக்குப் போய்வர இரண்டு பேருக்கு ஆகும் பஸ் காசைவிட அது அதிகம்.

எங்கள் கூட்டமைப்பில் ஒரு தீர்மானம் போட்டிருக்கிறோம். நெல் அறுவடை தொடங்கும் முன் வரும் மாதக் கூட்டத்துக்குக் கண் மருத்துவ உதவியாளரை அழைத்து, சாயக் காகிதமும் நீல விளக்கும் எப்படி வேலை செய்கிறது என்று நேரில் காட்டச் சொல்லப் போகிறோம். மெஷின் அடிக்கும் இடத்தில் வேலை செய்யும் உறுப்பினர்களுக்குப் பிளாஸ்டிக் கண்ணாடி மொத்தமாக வாங்குவது பற்றியும் அன்றைக்கே பேசுவோம். உங்கள் குழுவில் கண்ணில் அடிபட்டவர்கள் இருந்தால், என்ன பட்டது, எத்தனை மணி நேரம் கழித்துக் காட்டினார்கள் என்று ஒரு தாளில் எழுதி ஊக்குநரிடம் கொடுத்து அனுப்புங்கள்.